மீடியா ஸ்டடீஸ் பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்த கதை

ஒரு புதுப் பாடம் பள்ளிக்கூடத்துக்கு எப்படி வரும்? அரசாங்கம் ஒரு குழு போடும், குழு அறிக்கை தரும், பாடப்புத்தகம் அச்சாகும், ஆசிரியர்களுக்குப் பத்து நாள் பயிற்சி நடக்கும், ஜூன் மாதம் வகுப்பில் மணி அடிக்கும். நமக்குத் தெரிந்த வரிசை இதுதான். ஆனால் பிரிட்டனில் 'மீடியா ஸ்டடீஸ்' என்ற பாடம் இந்த வரிசையில் வரவில்லை. அதைக் கேட்டு எந்த அமைச்சரும் கையெழுத்துப் போடவில்லை. பின்வாசல் வழியாக, ஆங்கிலப் பாட வேளையில் ஒளிந்துகொண்டு வந்தது. இதில் வேடிக்கை என்னவென்றால், முதலில் அதைக் கொண்டுவந்தவர்கள் ஊடகங்களை அடியோடு வெறுத்தவர்கள்!

1933-ஆம் ஆண்டு. கேம்பிரிட்ஜில் இலக்கியம் கற்பித்த எஃப்.ஆர். லீவிஸ் என்ற விமர்சகரும், டெனிஸ் தாம்சன் என்ற பள்ளி ஆசிரியரும் சேர்ந்து 'கல்ச்சர் அண்ட் என்விரான்மென்ட்' என்ற சிறிய புத்தகம் ஒன்றை வெளியிட்டார்கள். பள்ளி வகுப்புகளுக்காகவே எழுதப்பட்ட புத்தகம் அது. உள்ளே நிறைய பயிற்சிக் கேள்விகள். இந்த விளம்பரம் உன்னிடம் எந்த ஆசையைத் தூண்டுகிறது? இந்தப் பத்திரிகை யாரை மனதில் வைத்து எழுதப்பட்டிருக்கிறது? இந்த மாதிரியான கேள்விகள். இன்று கேட்டாலும் நல்ல கேள்விகள்தான். ஆனால் அவற்றின் நோக்கம் வேறு. சினிமா, விளம்பரம், மலிவு நாவல், பரபரப்புப் பத்திரிகை எல்லாம் சேர்ந்து மக்களின் ரசனையைக் கெடுக்கின்றன. அதிலிருந்து மாணவனைக் காப்பாற்ற வேண்டும் என்பதுதான் லீவிஸின் கவலை. அம்மைக்குத் தடுப்பூசி போடுவது போல, கொஞ்சம் விளம்பரத்தை வகுப்பில் காட்டி, இது எவ்வளவு மட்டமானது பார் என்று சொல்லிவிட்டால், வெளியே போகும்போது நோய் தாக்காது என்ற கணக்கு. பிற்கால ஆய்வாளர்களும் இதைத் தடுப்பூசி அணுகுமுறை என்றே அழைக்கிறார்கள்.

லீவிஸைத் திட்டுவது இப்போது எளிது. ஆனாலும் ஒன்றை அவருக்குக் கொடுத்தே ஆகவேண்டும். ஷேக்ஸ்பியரைப் படிக்கும் அதே கவனத்தோடு ஒரு சோப்பு விளம்பரத்தையும் படிக்க வேண்டும் என்று வகுப்பறையில் முதலில் சொன்னவர்களில் அவரும் ஒருவர். எதிரியாக நினைத்துத்தான் படிக்கச் சொன்னார். இருந்தாலும் படிக்கச் சொன்னார்.

அதே 1933-இல்தான் பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிடியூட்டும் தொடங்கப்பட்டது. 1950-இல் சினிமாவை வகுப்பில் பயன்படுத்தும் ஆசிரியர்கள் தங்களுக்கென்று ஒரு சங்கம் வைத்தார்கள். 1959-இல் அதன் பெயரில் தொலைக்காட்சியையும் சேர்த்துக்கொண்டார்கள். இவர்கள் சினிமாவை வெறுத்தவர்கள் அல்ல, ரசிகர்கள். 16 மி.மீ. படச்சுருளை வாடகைக்கு எடுத்து, திரைச்சீலையை இழுத்து மூடி, புரொஜெக்டர் நடுவில் நின்றுபோகாமல் இருக்க வேண்டிக்கொண்டு பாடம் நடத்தியவர்கள். அவர்கள் காட்டியது பெரும்பாலும் 'நல்ல' படங்கள். மாணவர்கள் சனிக்கிழமை தாங்களாகவே போய்ப் பார்த்த படங்கள் இல்லை.

இந்த இடத்தில் பிரிட்டனின் பள்ளி முறையைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் மேலே வரும் கதை புரியும். 1944 கல்விச் சட்டத்துக்குப் பிறகு அங்கே 11 வயதில் ஒரு தேர்வு. அதில் தேறியவர்கள் கிராமர் ஸ்கூலுக்குப் போவார்கள். அங்கிருந்து பல்கலைக்கழகம், நல்ல வேலை. மற்ற பெரும்பாலானவர்கள் செகண்டரி மாடர்ன் என்ற பள்ளிக்கு. அங்கே 15 வயதில் படிப்பு முடியும். பிறகு தொழிற்சாலையோ கடையோ. 11 வயதில் தலையெழுத்தை எழுதிவிடும் ஏற்பாடு என்றால் மிகையில்லை.

அப்படி லண்டனின் தென்பகுதியில் இருந்த ஒரு செகண்டரி மாடர்ன் பள்ளியில் 1950-களின் கடைசியில் தற்காலிக ஆசிரியராக வேலை பார்த்தவர் ஸ்டூவர்ட் ஹால். ஜமைக்காவில் பிறந்தவர். 1951-இல் உதவித்தொகை பெற்று ஆக்ஸ்ஃபோர்டில் இலக்கியம் படிக்க வந்தவர். பின்னாளில் பண்பாட்டு ஆய்வு என்ற துறையின் பெரிய பெயர்களில் ஒன்றாக ஆனவர். அவருடைய மாணவர்களோ, நீ தேறவில்லை என்று 11 வயதிலேயே முத்திரை குத்தப்பட்டவர்கள். அவர்களிடம் போய், நீ கேட்கும் பாட்டு மட்டம், நீ பார்க்கும் படம் மட்டம் என்று இன்னொரு முத்திரையையும் குத்தினால் யார் கேட்பார்கள்?

1960 அக்டோபரில் தேசிய ஆசிரியர் சங்கம் லண்டனில் வெகுமக்கள் பண்பாடு பற்றி ஒரு பெரிய மாநாடு நடத்தியது. வீட்டுக்கு வீடு தொலைக்காட்சி வந்துவிட்ட நேரம். 1955-இலிருந்து விளம்பரங்களோடு கூடிய ஐ.டி.வி.யும் ஓடிக்கொண்டிருந்தது. ஆசிரியர்களுக்கு பயம். அந்த மாநாட்டின் விளைவுகளில் ஒன்றாக 1964-இல் வந்ததுதான், ஹாலும் ஃபிலிம் இன்ஸ்டிடியூட்டின் கல்வி அலுவலர் பேடி வானெலும் சேர்ந்து எழுதிய 'த பாப்புலர் ஆர்ட்ஸ்'. ஆசிரியர்களுக்கான புத்தகம். அதன் வாதம் சுருக்கமாக இதுதான்: இலக்கியம் உயர்ந்தது, சினிமா தாழ்ந்தது என்று கோடு போடாதே; கோட்டை சினிமாவுக்குள்ளே போடு. நல்ல படம் இருக்கிறது, மோசமான படம் இருக்கிறது. நல்ல இசை இருக்கிறது, மோசமான இசை இருக்கிறது. அதைப் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொடு.

பெரிய முன்னேற்றம்தான். ஆனால் எது நல்லது என்று முடிவு செய்யும் அதிகாரம் இன்னமும் ஆசிரியர் கையில்தான் இருந்தது. ஹாலுக்கும் வானெலுக்கும் ஜாஸ் பிடித்திருந்தது. பையன்களுக்குப் பிடித்த பாப் இசை அவ்வளவாகப் பிடிக்கவில்லை. புத்தகத்திலும் அது தெரிகிறது.

இதற்கு ஓராண்டு முன்பு, 1963-இல், நியூசம் அறிக்கை வெளிவந்தது. 13 முதல் 16 வயது வரையுள்ள, சராசரி அல்லது அதற்கும் குறைந்த திறன் உள்ள மாணவர்களின் கல்வி பற்றி ஆராய்ந்த அரசு அறிக்கை. சினிமாவையும் தொலைக்காட்சியையும் பள்ளியில் முறையாகப் படிக்க வேண்டும் என்று அது பரிந்துரைத்தது. இப்படி அரசாங்க அறிக்கை ஒன்றிலேயே இடம் பிடித்ததில் ஆசிரியர்களுக்கு மகிழ்ச்சி. ஆனால் அதில் ஒரு கண்ணி இருந்தது. பாடம் யாருக்கு என்று பாருங்கள். சுமாராகப் படிக்கிறவர்களுக்கு! கிராமர் ஸ்கூல் பையனுக்கு லத்தீன், இவனுக்கு டிவி. மீடியா ஸ்டடீஸ் என்றாலே கடைசி பெஞ்சுக்கான பாடம் என்ற பெயர் பின்னாளில் எங்கிருந்து வந்தது என்று தேடினால், ஒரு வேர் இங்கேதான் இருக்கிறது. பாடத்தின் உள்ளடக்கத்தை யாரும் எடைபோட்டுப் பார்த்து வந்த பெயர் அல்ல அது.

1965-இல் சி.எஸ்.இ. என்ற புதுத் தேர்வு வந்தது. மேலே உள்ள சுமார் 20 சதவீத மாணவர்களுக்கு ஓ லெவல் என்றும், அதற்கு அடுத்த 40 சதவீதத்துக்கு சி.எஸ்.இ. என்றும் ஏற்பாடு. அந்தத் தேர்வில் 'மோட் 3' என்று ஒரு வழி இருந்தது. பாடத்திட்டத்தைப் பள்ளி ஆசிரியரே எழுதலாம். கேள்வித்தாளையும் அவரே தயாரிக்கலாம். விடைத்தாளையும் அவரே திருத்தலாம். தேர்வு வாரியம் வெளியிலிருந்து மேற்பார்வை மட்டும் பார்க்கும். நம்மூரில் கேள்வித்தாள் கட்டை சீல் வைத்து போலீஸ் காவலோடு அனுப்பும் பழக்கத்தில் வளர்ந்தவர்களுக்கு இது நம்பக் கடினமாக இருக்கும். ஆனால் இந்த ஒரு ஓட்டை வழியாகத்தான் ஃபிலிம் ஸ்டடீஸ், டெலிவிஷன் ஸ்டடீஸ், மாஸ் மீடியா என்று விதவிதமான பெயர்களில் பாடங்கள் பள்ளிகளுக்குள் வந்தன. அமைச்சரகத்தின் அனுமதிக்காகக் காத்திருந்தால் இவற்றில் எதுவும் வந்திருக்காது.

1972-இல் கட்டாயக் கல்வி வயது 15-லிருந்து 16-ஆக உயர்த்தப்பட்டது. அதுவரை வேலைக்குப் போய் வாரச் சம்பளம் வாங்கியிருக்க வேண்டிய பிள்ளைகள் இன்னும் ஓராண்டு வகுப்பில் உட்கார வேண்டும். கோபத்தோடு உட்கார்ந்தார்கள். அவர்களுக்கு என்ன கற்பிப்பது என்று பள்ளிகள் விழித்தன. வீட்டில் தினமும் மூன்று நான்கு மணி நேரம் எதைப் பார்க்கிறார்களோ அதைப் பற்றியே பேசலாமே என்று தோன்றியது. வணிகவியல் பாஷையில் சொன்னால், ஒரே நேரத்தில் தேவையும் கூடியது, உற்பத்திக்கான உரிமமும் எளிதாகக் கிடைத்தது. சந்தை பெருகாமல் என்ன செய்யும்?

அதே பத்தாண்டில் இன்னொரு பக்கம் கோட்பாடுகளின் மழை. ஆசிரியர் சங்கத்தின் 'ஸ்க்ரீன்' என்ற இதழ் 1969-இல் தொடங்கியது. பிரான்ஸிலிருந்து குறியியல், அல்தூஸர், உளப்பகுப்பாய்வு என்று இறக்குமதி செய்தது. 1972-இல் ரோலான் பார்த்தின் 'மித்தாலஜீஸ்' ஆங்கிலத்தில் வந்தது. ஒரு பத்திரிகை அட்டைப் படத்தை எப்படிப் பிரித்துப் படிக்கலாம் என்று அது காட்டிய வழி ஆசிரியர்களுக்கு உண்மையிலேயே உதவியது. ஆனால் 'ஸ்க்ரீன்' கட்டுரைகள் போகப் போக யாருக்கும் புரியாத நடைக்குப் போய்விட்டன. 1976-இல் ஆசிரியர் குழுவிலிருந்து 4 பேர் ராஜினாமா செய்தார்கள். அவர்கள் சொன்ன காரணங்களில் இரண்டு: இதழ் தேவையில்லாமல் கடினமாக இருக்கிறது, கல்வியில் அதற்கு உண்மையான அக்கறை இல்லை. பள்ளி ஆசிரியர்களின் சங்கம் நடத்தும் இதழைப் பள்ளி ஆசிரியர்களால் படிக்க முடியவில்லை! (நம்மூர் சிறுபத்திரிகைகளின் அமைப்பியல் காலத்தை அறிந்தவர்களுக்குச் சிரிப்பு வரலாம்.)

வகுப்பறை ஆசிரியரின் உண்மையான தலைவலியோ வேறு. ஒரு வாரம் சினிமா, அடுத்த வாரம் விளம்பரம், அதற்கடுத்த வாரம் பாப் பாட்டு, பிறகு செய்தித்தாள். இவற்றையெல்லாம் ஒரே பாடம் என்று எந்த நியாயத்தில் சொல்வது? இதைத்தான் லென் மாஸ்டர்மன் எடுத்துக்கொண்டார். பள்ளியில் கற்பித்து, பின்பு நாட்டிங்காம் பல்கலைக்கழகத்தில் ஆசிரியர்களைப் பயிற்றுவித்தவர். 1980-இல் 'டீச்சிங் அபவுட் டெலிவிஷன்', 1985-இல் 'டீச்சிங் த மீடியா' என்று இரண்டு புத்தகங்கள் எழுதினார்.

அவர் கண்டுபிடித்த விடை கேட்பதற்கு எளிமையானது. இவையெல்லாம் உலகத்தை நமக்கு அப்படியே காட்டுவதில்லை. யாரோ ஒருவர் தேர்ந்தெடுத்து, வெட்டி, அடுக்கி, ஒரு தலைப்புக் கொடுத்து நமக்குத் தருகிறார். ஆகவே எல்லாவற்றிடமும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான். இதை யார் தயாரித்தார், யாருக்காக, எந்த வழியில், எதை விட்டுவிட்டு? இந்தக் கேள்வியை செய்தியிடமும் கேட்கலாம், கால்பந்து ஒளிபரப்பிடமும் கேட்கலாம். நல்ல நிகழ்ச்சியா மோசமான நிகழ்ச்சியா என்ற பழைய சண்டை அதோடு பின்னுக்குப் போனது. ஆசிரியரின் ரசனை உயர்ந்தது, மாணவனின் ரசனை தாழ்ந்தது என்ற ஏற்பாடும் கூடவே ஆட்டம் கண்டது. 50 ஆண்டுகளாக இருந்த முடிச்சு அவிழ்ந்தது இங்கேதான் என்று தாராளமாகச் சொல்லலாம்.

இதில் ஒரு கருவிக்கும் பங்கு உண்டு. அதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 1970-களின் பிற்பாதியில் வீடியோ ரெக்கார்டர் பள்ளிகளுக்கு வரத் தொடங்கியது. அதற்கு முன்பு தொலைக்காட்சியைப் பாடமாக நடத்துவது என்றால், நேற்றிரவு பார்த்ததை நினைவிலிருந்து பேசுவதுதான். வீடியோ வந்த பிறகு நிறுத்தலாம், பின்னால் ஓட்டலாம், ஒலியை அணைத்துவிட்டுப் படத்தை மட்டும் பார்க்கலாம். ஒரு கவிதையை வரி வரியாகப் படிப்பது போல ஒரு செய்தி அறிக்கையைக் காட்சி காட்சியாகப் படிக்க முடிந்தது. ஒரே புகைப்படத்தின் ஓரத்தை வெட்டிவிட்டு, கீழே வேறொரு வாசகம் எழுதினால் பொருள் எப்படித் தலைகீழாகிறது என்ற பயிற்சி அந்தக் கால வகுப்புகளில் மிகவும் பிரபலம். பல ஆண்டுகள் இந்தப் பதிவுகள் சட்டத்தின் ஓரத்தில்தான் நடந்தன. கல்வி நிறுவனங்கள் ஒளிபரப்பைப் பதிவு செய்துகொள்ள வழி செய்தது 1988-இன் காப்புரிமைச் சட்டம்.

இதற்குள் மற்ற நாடுகளிலும் வேலை நடந்துகொண்டிருந்தது. 1982 ஜனவரியில் அப்போதைய மேற்கு ஜெர்மனியின் குரூன்வால்ட் என்ற ஊரில், யுனெஸ்கோ கூட்டத்தில் 19 நாடுகளின் பிரதிநிதிகள் ஊடகக் கல்வி தேவை என்று ஒரு பிரகடனம் வெளியிட்டார்கள். 1987-இல் கனடாவின் ஒன்டாரியோ மாநிலம் ஆங்கிலப் பாடத்தின் ஒரு பகுதியாக ஊடகக் கல்வியைக் கட்டாயமாக்கியது. வட அமெரிக்காவில் அதுதான் முதல். மார்ஷல் மெக்லூஹன் வாழ்ந்த டொரான்டோ இருக்கும் மாநிலம் அது. அங்கேயும் அரசாங்கத்தைத் தள்ளிக்கொண்டு போனது 1978-இல் ஆசிரியர்களும் ஆர்வலர்களும் தொடங்கிய ஒரு சங்கம்தான்.

பிரிட்டனில் சி.எஸ்.இ.யும் ஓ லெவலும் ஒழிந்து, எல்லோருக்கும் பொதுவான ஜி.சி.எஸ்.இ. வந்தது. முதல் தேர்வு 1988-இல். அதில் மீடியா ஸ்டடீஸ் ஒரு முழுப் பாடம். 1990-களில் ஏ லெவலிலும் ஆயிரக்கணக்கில் மாணவர்கள் சேர்ந்தார்கள். 11 வயதில் கழிக்கப்பட்டவர்களுக்காக வந்த பாடம், பல்கலைக்கழக வாசல் வரைக்கும் வந்துவிட்டது.

வந்ததும் உள்ளேயே சண்டை! லண்டன் பள்ளியில் கற்பித்திருந்த டேவிட் பக்கிங்காம், 1986-இலேயே மாஸ்டர்மனை எதிர்த்து எழுதினார். ஊடகம் உன்னை ஏமாற்றுகிறது, நான் திரையை விலக்கிக் காட்டுகிறேன் என்று ஆசிரியர் சொல்வது லீவிஸின் தடுப்பூசிதானே, மருந்தின் பெயர் மட்டும்தானே மாறியிருக்கிறது என்பது அவர் கேள்வி. மாணவர்கள் அவ்வளவு ஏமாளிகள் இல்லை. விளம்பரம் பொய் சொல்லும் என்று ஏழு வயதுப் பிள்ளைக்கே தெரியும். உண்மையில் அவர்கள் வகுப்பில் கற்றுக்கொள்வது, ஆசிரியர் எந்தப் பதிலை எதிர்பார்க்கிறாரோ அதை எழுதுவதுதான். ஆணாதிக்கம் என்று எழுதினால் மார்க். எழுதிவிட்டு வீட்டுக்குப் போய் அதே நிகழ்ச்சியைச் சந்தோஷமாகப் பார்க்கலாம். தேர்வு எழுதிய யாருக்கும் இந்த வித்தை புதிதல்ல. கேமராவை மாணவன் கையில் கொடு, அவனே ஒன்றைத் தயாரிக்கட்டும் என்பது இந்தப் பக்கத்தின் வாதம். அது வெறும் தொழிற்பயிற்சியாக முடிந்துவிடும் என்பது மாஸ்டர்மனின் எச்சரிக்கை. இரண்டு பேர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் வகுப்பறை அனுபவத்துக்கு அருகில் நிற்பது பக்கிங்காம்தான்.

வெளியே இருந்து வந்த தாக்குதலில் இந்த நுணுக்கம் எதுவும் இல்லை. 2003-இல் உயர்கல்வி அமைச்சர் மார்கரெட் ஹாட்ஜ், தரமும் வேலை வாய்ப்பும் இல்லாத பட்டப்படிப்புகளை 'மிக்கி மௌஸ்' படிப்புகள் என்றார். பத்திரிகைகள் அந்தப் பட்டத்தை உடனே மீடியா ஸ்டடீஸின் தலையில் கட்டின. கொஞ்சம் யோசித்தால் இது விசித்திரம். பத்திரிகைகளின் முதலாளி யார், வருமானம் எங்கிருந்து வருகிறது, செய்தி எப்படித் தேர்வாகிறது என்று கேள்வி கேட்கும் ஒரே பள்ளிப் பாடத்தை அதிகமாகக் கேலி செய்தது அதே பத்திரிகைகள்தான். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகமும் 2000-களில், எங்களிடம் சேருவதற்கு அவ்வளவாக உதவாத ஏ லெவல் பாடங்கள் என்று ஒரு பட்டியல் வெளியிட்டது. அதில் மீடியா ஸ்டடீஸ் இருந்தது. பி.காம். வகுப்பில் இருப்பவர்கள் அவசரப்பட்டுச் சிரிக்க வேண்டாம். அதே பட்டியலில் அக்கவுன்டிங்கும் பிசினஸ் ஸ்டடீஸும் இருந்தன!

இந்தக் கேலிக்குப் பதிலாக நடந்ததுதான் 2017-இன் மாற்றம். பாடத்தைக் 'கடினமாக்க' வேண்டும் என்று அரசு சொன்னது. செப்டம்பர் 2017-லிருந்து புதுப் பாடத்திட்டம். எழுத்துத் தேர்வுக்கு 70 சதவீதம், மாணவர்கள் தயாரிக்கும் படைப்புக்கு 30 சதவீதம். எந்த விளம்பரம், எந்த இதழ், எந்தத் தொடர் என்று தேர்வு வாரியமே பட்டியல் கொடுக்கும். ஏ லெவலில் எந்தெந்தச் சிந்தனையாளர்களைப் படிக்க வேண்டும் என்று பெயரோடு பட்டியல். பார்த், பெல் ஹூக்ஸ், ஜூடித் பட்லர், பால் கில்ராய் என்று நீளும் அந்தப் பட்டியலில் ஸ்டூவர்ட் ஹாலும் இருக்கிறார். 2014-இல் அவர் மறைந்துவிட்டார். தேறாதவர்கள் என்று ஒதுக்கப்பட்ட பையன்களோடு பேச வழி தேடிய தற்காலிக ஆசிரியரின் கருத்து, இப்போது மனப்பாடம் செய்து மார்க் வாங்க வேண்டிய விடை. மரியாதை கிடைத்துவிட்டது, உண்மைதான். ஆனால் மோட் 3 காலத்தில் ஓர் ஆசிரியர் தன் வகுப்பைப் பார்த்துப் பாடம் எழுதினாரே, அந்தச் சுதந்திரம்தான் அதற்குக் கொடுத்த விலை. லாப நஷ்டக் கணக்கில் இதை எந்தப் பக்கம் எழுதுவது என்று ஆசிரியர்களே இரண்டு கட்சியாக நிற்கிறார்கள்.

இந்தப் பாடம் தமிழிலும் இருக்கிறது என்பது இங்கே பலருக்குத் தெரியாது. பிரிட்டிஷ் தேர்வு முறையின் சாயல் இன்னும் மாறாத இலங்கையில், க.பொ.த. உயர்தரத்தில் 'தொடர்பாடலும் ஊடகக் கற்கையும்' என்று ஒரு பாடம். தமிழ் மொழி மூலமே படித்துப் பரீட்சை எழுதலாம். கேரளத்தில் மேல்நிலை வகுப்புகளில் இதழியல் ஒரு பாடம். அதே கேரளத்தின் கண்ணூர் மாவட்டத்தில் 2017-இல் தட்டம்மை-ருபெல்லா தடுப்பூசிக்கு எதிராக வாட்ஸ்அப்பில் வதந்திகள் பரவின. அடுத்த ஆண்டு மாவட்ட நிர்வாகம் அங்குள்ள சுமார் 150 அரசுப் பள்ளிகளில், பொய்ச் செய்தியை எப்படிக் கண்டுபிடிப்பது என்று வகுப்பு நடத்தியது. லீவிஸின் காலத்தில் தடுப்பூசி என்பது ஓர் உவமை. கண்ணூரில் அது நிஜமான ஊசி.

பிரிட்டனில் கதை இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. 2025 நவம்பரில், இங்கிலாந்தின் தொடக்கப் பள்ளிகளில் குடியுரிமைக் கல்வி கட்டாயமாகும் என்றும், ஊடகங்களைப் புரிந்துகொள்வது அதில் ஒரு பகுதி என்றும் அரசு அறிவித்தது. புதிய பாடத்திட்டம் 2028-லிருந்து. இந்த முறை கையெழுத்துப் போட்டது அரசாங்கமேதான். பின்வாசல் தேவைப்படவில்லை. அந்த அறிவிப்பில் ஊடக அறிவுக்குப் பக்கத்திலேயே பண நிர்வாகமும் இருக்கிறது. கேம்பிரிட்ஜ் பட்டியலில் ஒன்றாக உட்கார்ந்த இரண்டு பேரும் இங்கேயும் பக்கத்துப் பக்கத்து பெஞ்சில்!